கத்தி கழுத்தில் இருக்கும்போது கதை சொன்னவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘மகாராஜா’ பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்தபிறகு வாருங்கள். முடிச்சு மொத்தத்தையும் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். எனக்கு யாரும் இப்படி முன்கூட்டி எச்சரிக்கவில்லை.

2024 ஜூன். படம் வந்த இரண்டாவது வாரம், சனிக்கிழமை இங்கே மலேசியாவில், ஈப்போவில் பார்ப்பதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம் சுங்கை சிப்புட்டில் வழக்கமாகப் போகும் கடையில் முடிவெட்ட உட்கார்ந்தேன். வெட்டுகிறவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். “படத்துல விஜய் சேதுபதி நம்ம தொழில்தாண்ணே” என்று ஆரம்பித்தார். சவரக்கத்தி என் காதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. “அந்தப் பொண்ணு யாரு பொண்ணுன்னு நெனைக்கிறீங்க?” என்றார். தலையைத் திருப்ப முடியாது, கையைத் தூக்க முடியாது, வாயைத் திறந்தால் தோல் போய்விடும். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கழுத்தில் சொடக்கு எடுத்துவிட்டு, 15 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

காசும் போச்சு, படமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் போனேன். ஆனால் முடிவு தெரிந்து பார்த்ததால்தான் இந்தப் படம் எனக்குப் பிடிபட்டது.

விஜய் சேதுபதி நடிக்கும் முடிவெட்டுகிற மகாராஜா போலீஸ் நிலையத்துக்கு வந்து, “லட்சுமியைக் காணவில்லை” என்கிறான். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி. அரங்கமே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதனின் வீட்டில் என்ன நடந்திருக்கிறது, அவன் ஏன் அங்கே அடி வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அதோடு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த புதிதில் அவருடைய ராலே சைக்கிள் காணாமல் போனது. இருபது வருடம் ரப்பர் பால் வெட்டப் போன சைக்கிள். நானும் கூடப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், “இந்தப் பழைய இரும்புக்கா ரிப்போர்ட்?” என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை விஜய் சேதுபதியின் முகத்தில் தேடினேன். அவர் சிரிக்கவே இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ‘கடைசித் திருப்பம்’ என்று அந்தப் பெண் யார் மகள் என்பதையே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது திருடன் செல்வம் செய்கிற தப்புக் கணக்கு. முடிவெட்ட வந்த செல்வம் நகையை மறந்துவிட்டுப் போகிறான். மகாராஜா அதைத் திருப்பிக் கொடுக்க வீடு தேடிப் போகிறான். அதே நேரத்தில் போலீஸும் வருகிறது. இவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று செல்வம் முடிவு கட்டிவிடுகிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. அந்த வன்மத்தைச் சிறையில் பல வருடம் ஊறப்போட்டு, வெளியே வந்து கொடுமையை நடத்துகிறான். அழித்தது தன் சொந்த மகளின் வாழ்க்கையை. மகாராஜா தன் மகளாக வளர்த்த ஜோதி, செல்வம் பெற்ற பிள்ளை.

நாமும் அதே தப்பைத்தான் செய்கிறோம். செல்வம் வீட்டில் ஒரு கைக்குழந்தை, மகாராஜா வீட்டில் பள்ளிக்குப் போகும் பெண். இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாக நாமே முடிவு செய்துகொள்கிறோம். படம் அப்படி எங்கும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இயக்குநர் சும்மா இருக்கிறார், ஒட்டுப் போடுவது நாம். நித்திலன் சாமிநாதனுக்கு இது இரண்டாவது படம். 2017-இல் வந்த ‘குரங்கு பொம்மை’யிலும் ஒரு பையைச் சுற்றவிட்டே மொத்தக் கதையையும் ஓட்டினார். ஒரு சாமானைக் காட்டி ஆளை ஏமாற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

இதே ஒட்டு வேலை எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. மளிகைக்கடைக் கல்லாவில் பணம் போன வாரத்தில், பின்லயத்துப் பையன் ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அவ்வளவுதான், கண்ணு காது மூக்கு வைத்துப் பேசிவிட்டார்கள். பிறகு எடுத்தது கடைக்காரரின் சொந்தக்காரப் பையன் என்று தெரிந்தது. யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையனின் அம்மா அதற்கப்புறம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

முடிவு தெரிந்த பிறகும் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும். அதனால்தான் ‘ராட்சசன்’ எனக்கு ஒருமுறைப் படம். 2018-இல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தேன், மறுக்கவில்லை. கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு திரும்பப் போட்டால் கை ரிமோட்டைத் தேடுகிறது. 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ அப்படி இல்லை. பாட்டே கிடையாது. செத்துக் கிடக்கிறவரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், சொல்கிறவர்களின் லட்சணமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டபோது, ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்ததும், “ரீலை மாத்திப் போட்டுட்டான்யா!” என்று சனம் கத்தியதாக அப்பா சொல்வார்.

‘மகாராஜா’வில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. ஒரு பெண் பிள்ளைக்கு நடக்கும் கொடூரத்தை வைத்துத்தான் இரண்டு ஆண்களின் கணக்கு தீர வேண்டுமா? ஜோதி வந்து செல்வத்தை நேருக்கு நேர் பார்க்கும் இடம் இருக்கிறது, நல்ல இடம். ஆனால் அவளுக்குப் படம் கொடுத்த இடமே அவ்வளவுதான். குப்பைத்தொட்டிக்குக் கிடைத்த நேரம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை என்று என் மனைவி காரிலேயே சொன்னாள். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் புரியாதவர்களுக்காகத் திரும்பவும் ஊட்டிவிடுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. கெட்டவனாக வரும் சிங்கம்புலி மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார். இத்தனை நாள் சிரிக்க வைத்த முகம்.

அடுத்த மாதம் முடிவெட்டப் போனபோது, “கெடுத்துட்டீங்களே” என்று சும்மா சண்டை போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டாராம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து காட்டினார். வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போனவை: ஒரு மூக்குக் கண்ணாடி, இரண்டு மோட்டார் சாவி, டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு தங்க மோதிரம்.

“மோதிரம் யாருதுன்னு தெரியும்ணே. வீடும் தெரியும்.”

“அப்போ கொண்டு போய்க் குடுக்க வேண்டியதுதானே?”

இழுப்பறையைச் சாத்தினார். “போன மாசம் வரைக்கும் குடுத்திருப்பேன். இனிமே அவங்களா வந்து வாங்கிக்கட்டும்.”