வீட்டுக்கு வந்த முதல் அரை மணித்தியாலம்

"முந்தின மாதிரி அன்பு இல்லை" என்ற குறை இப்போது பல வீடுகளில் கேட்கிறது. அன்பு அங்கேயேதான் இருக்கிறது, கவனம்தான் வீடு வந்து சேருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆள் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பின் காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தையில் இறங்கி, மூன்று மாடி ஏறி, சப்பாத்தைக் கழற்றியாயிற்று. மனம் மட்டும் இன்னும் கோட்டையில், ஒஃபிஸ் மேசையில் குந்தியிருக்கிறது.

இதற்காக யாரும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. அரைகுறையாக விட்ட வேலை மனதில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் 'கவன எச்சம்' என்று எழுதினார். வேலைக்கு நடுவே எழும்ப வேண்டி வந்தால், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்து முதலில் என்ன செய்வது என்று குறித்து வைத்தால் அந்த எச்சம் குறைகிறது என்று 2018இல் அவரும் தெரேசா குளோம்பும் காட்டினார்கள். ஒஃபிஸ் விட்டுக் கிளம்பும்போதும் இதையே செய்யுங்கள். ஐந்து நிமிடம், ஒரு துண்டுக் கடதாசி, இரண்டு வரி போதும். "அறிக்கையை முடிக்க வேணும்" என்று எழுதினால் பயனில்லை, அந்தப் பாரம் அப்படியே கூட வரும். "3ஆம் பக்கத்தில் மார்ச் மாதத் தொகை பிழைக்கிறது, காலையில் கணக்குப் பிரிவில் கேட்க" என்று எழுதினால் மனம் பிடியை விடும். கடதாசியை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போனில் எழுதினால் பம்பலப்பிட்டி வருவதற்குள் திறந்து பார்த்துவிடுவீர்கள்.

அடுத்தது அந்தப் போன்தான். சத்தத்தை நிறுத்திச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைப்பதால் ஒன்றும் ஆகாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை போகத்தான் செய்யும். சார்ஜரை வாசல் பக்கத்துப் பிளக்கில் நிரந்தரமாகக் குத்திவிடுங்கள். பக்கத்தில் கதிரை மட்டும் இருக்கக் கூடாது. நின்றுகொண்டு பார்க்க வேண்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கால் உளைந்து திரும்பிவிடுவோம்.

ஊரிலிருந்து அவசரமாக யாராவது எடுத்தால்? நியாயமான பயம். தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு, அம்மா, சகோதரம், பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய இலக்கங்களுக்கு மட்டும் மணியடிக்க விடலாம். திரும்ப எடுப்பவர்களை அனுமதிக்கும் தெரிவும் அதிலேயே இருக்கிறது. ஒரே ஆள் ஐபோனில் 3 நிமிடத்துக்குள், அன்ட்ரொயிட்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் எடுத்தால் மணியடிக்கும். இதைச் செய்யாமல் போனைத் தூர வைத்தால் காது முழுக்க வாசலில்தான் இருக்கும்.

இவ்வளவும் எதற்கு? புத்தகப் பை ஒரு தோளில் தொங்க, மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு பிள்ளை சொல்கிறது: "இண்டைக்கு மிஸ் ஏசினவ." நாம் திரையைப் பார்த்தபடி "ம், சொல்லு" என்கிறோம். பிள்ளை நம் கண்ணைப் பார்க்கும். கதையைச் சுருக்கும். பிறகு "ஒண்டுமில்லை" என்று உள்ளே போய்விடும். நாலைந்து தரம் இப்படி நடந்தால் பதினைந்து வயதில் பெரிய விஷயங்களும் உங்களிடம் வராது.

போனை வைத்துவிட்டுக் கேட்பவர்களும் ஒரு பிழை விடுவோம்: முதல் வசனம் முடிய முன்னமே புத்தி சொல்வது. "நீ என்ன செய்தனி?" என்பது அந்த இடத்தில் விசாரணை. "அதுக்குப் பிறகு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனைவி "இஞ்சேருங்கோ" என்று தொடங்கும்போதும் இதேதான். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் ஏதும் செய்ய வேணுமா, கேட்டால் போதுமா?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சமைத்துக்கொண்டும் கார் ஓட்டிக்கொண்டும் தினமும் எடுப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் உட்கார்ந்து கதையுங்கள். ரொறன்ரோவில் காலை 10 மணி என்றால் கோடையில் இங்கே இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை மாற்றியதும் அது 8.30 ஆகிவிடும். அதை முந்தின கிழமையே சொல்லிவிடுங்கள். கொட்டாஞ்சேனையில் அம்மா 7.30க்கே சாப்பிட்டு முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா.