கொசுவலைக்குள் யாரும் இல்லை

1582-ல் ஜப்பானின் பெரிய போர்த்தலைவர் ஓடா நொபுனாகா, ஹொன்னோஜி என்ற பௌத்த மடத்தில் தன் தளபதியே படையோடு வந்து தாக்கியதில் இறந்தார். அந்த ஹொன்னோஜி சம்பவம் பற்றி எந்த வீடியோ கண்ணில் பட்டாலும் பார்த்துவிடுவேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். நொபுனாகா அந்தத் தளபதி அகேச்சி மித்சுஹிதேயின் வழுக்கையைக் கிண்டல் செய்தார், விருந்தில் மீன் நாறியதற்காக எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார், பிணையாகப் போன அவருடைய அம்மாவைச் சாகவிட்டார். அதனால் மித்சுஹிதே பழிவாங்கினார். சுபம்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ரெண்டு பேரும் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. சீரியலுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

என் கண் போவது 1580-க்கு. சகுமா நொபுமோரி, நொபுனாகாவிடம் 30 வருஷம் ஊழியம் பார்த்த மூத்த தளபதி. ஒரு நாள் அவருக்கு 19 குற்றச்சாட்டுகள் அடங்கிய கடிதம் வருகிறது. 'ஒசாக்கா முற்றுகையில் அப்பனும் மகனும் அஞ்சு வருஷம் உட்கார்ந்தீர்கள், சொல்லிக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை' என்ற ரீதியில் போகிறது. கடைசியில் தலையை மழித்துக்கொண்டு பௌத்த மடங்கள் இருக்கும் கோயா மலைக்குப் போகச் சொல்லித் துரத்திவிட்டார்கள். அதே வருஷம் ஹயாஷி ஹிதெசதா என்ற இன்னொரு பெரியவருக்கும் வேலை போனது. காரணம், 24 வருஷத்துக்கு முன்னால் நொபுனாகாவின் தம்பி பக்கம் சாய்ந்தது!

இதில் வேடிக்கை என்னவென்றால், சகுமாவைத் திட்டிய அதே கடிதத்தில் ஒருவரைத் தூக்கிவைத்துப் புகழ்ந்திருக்கிறார். தம்பா நாட்டைப் பிடித்து உலகத்தின் முன் மானத்தைக் காப்பாற்றியவர் என்று. அவர் மித்சுஹிதே. அந்த வரியைக் கேட்ட மித்சுஹிதேக்கு என்ன தோன்றியிருக்கும்? பெருமையாகத்தான் இருந்திருக்கும். ராத்திரி படுத்த பிறகு வேறு மாதிரியும் தோன்றியிருக்கலாம். 30 வருஷத்துக்கே இந்த மரியாதை என்றால் நமக்கு எத்தனை நாள்? இது என் ஊகம்தான், ஆனால் மீன் கதையைவிட இதை நம்ப எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அப்புறம் வாய்ப்பு. 1582 ஜூனில் நொபுனாகாவின் மற்ற தளபதிகள் எல்லாம் தூரத்தில். ஷிபாதா வடக்கே எதிரி உவெசுகியோடு மல்லுக்கட்டுகிறார், தகிகாவா கிழக்கே எங்கேயோ, ஹிதெயோஷி மேற்கே தகமத்சு கோட்டையைத் தண்ணீரில் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறார். நொபுனாகா சின்னப் பரிவாரத்தோடு கியோத்தோவில் ஹொன்னோஜி மடத்தில். வாரிசு நொபுததாவும் அதே ஊரில். பக்கத்தில் இருந்த பெரிய படை ஒன்றே ஒன்று. ஹிதெயோஷிக்கு உதவப் போகச் சொல்லி நொபுனாகாவே திரட்டச் சொன்ன மித்சுஹிதேயின் 13,000 பேர்.

ஜூன் 21 விடியற்காலையில் அந்தப் படையோடு மடத்துக்குள் நுழைந்த ஹோன்ஜோ சோயெமோன் என்ற வீரர், வயதான காலத்தில் அதை எழுதிவைத்தார். எனக்குப் பிடித்த சாட்சி அவர்தான். நொபுனாகாவின் கூட்டாளி இயெயாசு கியோத்தோ வந்திருந்ததால் அவரைத் தீர்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தாராம். ஹொன்னோஜி என்ற இடமே அவருக்குத் தெரியாது. கதவு திறந்து கிடக்கிறது, எலி நடமாட்டம்கூட இல்லை. கூடத்துக்குள் போனால் கொசுவலை தொங்குகிறது, உள்ளே ஆள் இல்லை. வெள்ளை உடுத்திய ஒரு பெண்ணைப் பிடிக்கிறார்கள். 'மேலவரும் வெள்ளைதான் உடுத்தியிருக்கிறார்' என்கிறாள். அந்த மேலவர் நொபுனாகா என்பதுகூட இவருக்கு விளங்கவில்லை. வரலாற்றின் பெரிய துரோகங்களில் ஒன்று என்கிறோம். செய்து முடித்தவருக்கே அது தெரியாது.

உள்ளே நொபுனாகா முதலில் வேலைக்காரர்களின் அடிதடி என்று நினைத்தாராம். அகேச்சியின் ஆட்கள் என்று தெரிந்ததும் சொன்னது ஒரே வாக்கியம். 'இனி பேசி ஆவதில்லை' என்று வைத்துக்கொள்ளலாம். வில் எடுத்தார், நாண் அறுந்தது, ஈட்டி எடுத்தார், முழங்கையில் காயம். பெண்களை வெளியேறச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். மடம் எரிந்தது. உடல் கிடைக்கவில்லை. நொபுததாவும் அன்றே போய்ச் சேர்ந்தார்.

துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. இத்தனை வருஷம் திட்டம் போட்டவராக இருந்தால், மறுநாளைக்கு ஆள் சேர்த்து வைத்திருக்க மாட்டாரா? சம்பந்தி ஹொசொகாவா ஃபுஜிதாக்காவே வரவில்லை. செய்தி கேட்டதும் அவரும் மகன் ததாஓகியும், அதாவது மித்சுஹிதேயின் மருமகனும், துக்கம் என்று குடுமியை அறுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நொபுனாகாவிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது. அது மித்சுஹிதேயையும் விடவில்லை.

சம்பவம் நடந்து ஏழாம் நாள் சம்பந்திக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். குடுமியை அறுத்தது கேட்டு முதலில் கோபம் வந்தது, யோசித்தால் நியாயம்தான், எப்படியும் ஆட்களை அனுப்புங்கள், நாடு தருகிறேன். இதையெல்லாம் மாப்பிள்ளையை உயர்த்தத்தான் செய்தேன். 50 நாளிலோ 100 நாளிலோ சுற்றுவட்டாரத்தை ஒழுங்குபண்ணிவிட்டு, என் பையன், உங்கள் பையன் கையில் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறேன்.

கடிதம் எழுதிய நாலாம் நாள் யாமசாகியில், மேற்கிலிருந்து ஓட்டமாகத் திரும்பி வந்த ஹிதெயோஷியிடம் தோற்றார். தப்பிப் போகும் வழியில் கிராமத்து ஆட்கள் கையில் செத்தார் என்கிறார்கள். அந்தக் கடிதம் ஹொசொகாவா குடும்பச் சேகரிப்பில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.