நீர்த்தேக்கங்களில் நீந்துபவர்களுக்கும் இடம் வேண்டும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கடல் தூரம். ஒரு நாளைக்குள் போய்த் திரும்புவதற்குள் குழந்தைகள் களைத்துவிடும். நீர்த்தேக்கங்கள் அப்படியில்லை. டெர்பிஷயரில் கார்சிங்டன், ஸ்டாஃபோர்ட்ஷயரில் டிட்டஸ்வொர்த், கிழக்கே ரட்லண்ட் வாட்டர் என்று எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒன்று வரும். குடிநீருக்காகக் கட்டிய இந்த ஏரிகள்தான் இங்கிலாந்துக் கிராமப்புறத்தின் மிக நல்ல பொது இடங்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இவற்றில் பெரும்பாலானவற்றில் நீந்த வருபவர்களை மட்டும் வெளியே நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரட்லண்ட் வாட்டரையே எடுத்துக்கொள்கிறேன். 1970-களில் எம்பிங்காம் கிராமத்துக்கு அருகே அணைக்கரை போட்டு, வெல்லண்ட், நீன் என்ற இரண்டு ஆறுகளிலிருந்தும் தண்ணீரை பம்ப் செய்து நிரப்பிய ஏரி இது. பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். நெதர் ஹாம்பிள்டன் கிராமமும் மிடில் ஹாம்பிள்டனின் பெரும்பகுதியும் இதற்காகப் போய்விட்டன. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் தப்பித்து, மூன்று பக்கமும் தண்ணீர் சூழ நிற்கிறது. நார்மண்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதி நீர்மட்டத்துக்குக் கீழே வந்துவிடும் என்பதால், உள்ளே கல்லும் கான்கிரீட்டும் கொட்டித் தரையை உயர்த்தி, சுற்றிலும் கரை எழுப்பிக் காப்பாற்றினார்கள். அவ்வளவு பேருடைய வீடும் வயலும் கொடுத்து வந்த தண்ணீர் என்பதை அங்கே நடக்கும்போது மறக்க முடியாது.

நடப்பவர்களுக்கு இது அருமையான ஏரி. ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்து முழுச் சுற்று ஏறக்குறைய 37 கிலோமீட்டர். தீபகற்பத்தை விட்டுவிட்டால் 27. ஆடு மேயும் புல்வெளிகள் வழியாகப் பாதை போகிறது, கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும். முழுதும் சுற்ற முடியாதவர்கள் தீபகற்பத்தை மட்டும் சுற்றி வரலாம். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த பகுதி.

மேற்குக் கோடி முழுக்கப் பறவைகளுக்கு. லெஸ்டர்ஷயர் மற்றும் ரட்லண்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் அதைப் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் கருவால் வாத்தும் ஆண்டி வாத்தும் ஆயிரக்கணக்கான மற்ற நீர்ப்பறவைகளும் வந்து இறங்கும். ஆனால் இந்த ஏரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் கழுகு, இங்கே ஆஸ்ப்ரே என்பார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் சுமார் 150 ஆண்டுகளாக அது கூடு கட்டவே இல்லை. 1996-இல் ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். தான் முதன்முதலில் பறந்த இடத்துக்கே இனப்பெருக்கத்துக்குத் திரும்பும் பறவை அது, அந்த நம்பிக்கையில்தான் இத்தனை பாடும். மேற்கு ஆப்பிரிக்கா வரை போய்த் திரும்பி வந்த பறவைகள் 2001-இல் குஞ்சு பொரித்தன. இன்று லிண்டன் பக்கத்தில் பறவை பார்ப்பதற்கான மறைவிடங்களில் உட்கார்ந்தால் மாண்டன் பே கூட்டை நேராகப் பார்க்கலாம். மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

தூண்டில்காரர்களுக்கும் இதே ஏரிதான். பிரவுன் ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட் என்ற மீன்கள் இரண்டும் உண்டு. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைக் கட்டி வீசுவார்கள். படகைக் காற்றோடு பக்கவாட்டில் மிதக்கவிட்டு, வேகம் கூடாமலிருக்கத் தண்ணீருக்குள் குடை மாதிரி ஒரு துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். 13 வயது நிறைந்தவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் என்விரான்மென்ட் ஏஜென்சியின் தூண்டில் லைசென்ஸ் கட்டாயம். அது போக அந்த ஏரிக்கான அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். கரையில் நின்று ஆவலோடு பார்த்தாலே பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் உண்டு.

சரி, நீச்சலுக்கு வருகிறேன். ரட்லண்டில் சைக்ஸ் லேன் பக்கம் மணல் கொட்டிய சின்னக் கடற்கரையே இருக்கிறது. கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்க, மிதவை கட்டிய எல்லைக்குள் நீந்தலாம். பறவைகள் ஒரு கோடியில், படகுகள் நடுவில், நீந்துபவர்கள் இந்த மூலையில். அவ்வளவுதான் ஏற்பாடு. லண்டனில் ஹாக்னியின் வெஸ்ட் ரெசர்வாயரிலும் நீந்த விடுகிறார்கள். ஆனால் லேடிபவர், ஹாஸ்வாட்டர் என்று எத்தனையோ பெரிய ஏரிகளில் ‘நீந்தக் கூடாது’ என்ற அறிவிப்புப் பலகைதான் வரவேற்கிறது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரும் தோழர்களும் தனியார் நிலம் என்ற தடையை மீறி டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள், கிண்டர் நீர்த்தேக்கத்தின் ஓரமாகத்தான் போனார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். மலையும் மேட்டுநிலமும் எல்லோரும் நடக்கத் திறந்துவிடப்பட்டது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அந்தச் சட்டமும் குளிப்பதையும் நீந்துவதையும் வெளியே வைத்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் நீந்தும் உரிமையைத் தருகிறது. ஒரே குளிர், ஒரே மாதிரி அணை. இங்கே மட்டும் ஏன் முடியாது?

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. நீர்த்தேக்கத்தில் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் கோபுரம் இருக்கும், கரை திடீரென்று ஆழமாகும், மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் கீழே உறையவைக்கும் குளிர். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, நல்ல நீச்சல்காரருக்கும் அதே கதிதான். ஊரில் கிணற்றில் குதித்துப் பழகிய நம் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விழுந்துவிட்டால் உடனே நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். அப்புறம் நீலப்பச்சைப் பாசி. 1989-இல் ரட்லண்டிலேயே அந்தப் பாசி பெருகி ஆடுகளும் நாய்களும் செத்தன. பாசி எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரைத் தொடவே கூடாது.

இதெல்லாம் உயிர்காப்பாளரும் மிதவையும் தண்ணீர்ப் பரிசோதனையும் உள்ள இடங்களைத் திறப்பதற்கான காரணங்கள் என்றே நான் பார்க்கிறேன். வெயில் கொளுத்தும் நாளில் பலகையைப் பார்த்துப் பதினாறு வயதுப் பையன் திரும்பிப் போகமாட்டான். ஆளில்லாத மறுகரையில் போய் இறங்குவான். அவனுக்கு ஒரு பாதுகாப்பான மூலை இருந்தால் பெற்றோருக்கும் நிம்மதி. 1991-ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தொழில் சட்டமே, தண்ணீர்க் கம்பெனிகள் தங்கள் ஏரிகளையும் நிலத்தையும் முடிந்தவரை மக்களின் பொழுதுபோக்குக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கடமை விதித்திருக்கிறது. தூண்டிலும் பாய்மரப் படகும் அதில் அடங்குமென்றால் நீச்சலும் அடங்க வேண்டும்.

1992-இல் கார்சிங்டனுக்குப் பிறகு இங்கிலாந்தில் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் கட்டி முடிக்கப்படவில்லை. இப்போது ஹாம்ப்ஷயரில் ஹேவன்ட் திக்கெட் வேலை நடக்கிறது. ஆபிங்டன் அருகிலும், லிங்கன்ஷயரிலும், கேம்பிரிட்ஜ்ஷயரின் ஃபென்ஸ் பகுதியிலும் திட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள், பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது சும்மா இருந்துவிடாதீர்கள். நடைபாதையும் பறவை மறைவிடமும் வரைபடத்தில் எப்படியும் இருக்கும். நீச்சல் பகுதி எங்கே, உயிர்காப்பாளருக்கு யார் செலவு செய்வார்கள், பஸ் வருமா என்று கேட்டு எழுதுங்கள்.