ஆஸ்பத்திரிக்கு முன்னால் சாவியைக் கேட்போம்

எங்கள் பக்கத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் சுகாதாரத்துக்கென்று எழும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். சிவகங்கையில் 2012-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. புதுக்கோட்டைக்கு 2017-ல் வந்தது. காரைக்குடியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. இருந்தும் டீக்கடையில் உட்கார்ந்தால் "இன்னும் பெருசா ஒண்ணு வரணும்ப்பா" என்பதுதான் பேச்சு.

கேட்பதில் தப்பே இல்லை. நெஞ்சுவலி என்றால் மதுரைக்கு ஓடுகிற ஊர்கள் இவை. அந்த வண்டியில் உட்கார்ந்து போனவர்களிடம் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. என் ஆதங்கம் வேறு. நோய் வந்த பிறகு எங்கே போவது என்பதை மட்டுமே நாம் சுகாதாரம் என்று பேசுகிறோம். செட்டிநாட்டு ஊர்களில் நோய் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துத் திட்டம் போட்டால், முதலில் கேட்க வேண்டியது கட்டடம் இல்லை, பூட்டிக்கிடக்கும் வீடுகளின் சாவி.

வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் பெரிய வீடுகளை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்த பணத்தில் கட்டியவை. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற உள்கட்டு, நடுவே வானம் பார்த்த முற்றம், அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். மூலைக்கு மூலை வைத்திருக்கும் அண்டாவிலும் கிடாரத்திலும் சேர்ந்தது போக, மிச்சம் தரைக்கடியில் ஓடும் வடிகால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும். ஆள் புழங்கியவரை இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்களே, அதில் இந்தத் தண்ணீர் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

இன்றைக்கு வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும்தான் கதவு திறக்கும். மற்ற நாளில் முற்றத்து வடிகால் வாயில் நாலு வேப்பிலை அடைத்துக்கொண்டால் போதும், ஒரே மழையில் தண்ணீர் கட்டிவிடும். கவிழ்க்காமல் விட்ட அண்டா, மூடி போன தொட்டி, பின்கட்டுக் கிணற்றடியில் கிடக்கும் கல்லுரல் என்று கொசுவுக்கு வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். அதனால் சித்திரையில் காய்ந்து கிடக்கும் அண்டாவைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால்தான் உண்டு. இன்னொன்று, இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். ஆக, வீட்டுக்காரர் சிங்கப்பூரில், கொசு முற்றத்தில், காய்ச்சல் பக்கத்து ஓட்டு வீட்டுக் கொத்தனார் மகனுக்கு.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் தெருத்தெருவாக வருவார்கள். பெரும்பாலும் பெண்கள், தினக்கூலி. திறந்திருக்கும் வீட்டில் தொட்டியை எட்டிப் பார்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றி, ப்ரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக்கூடக் கொட்டச் சொல்வார்கள். அடுத்த வீடு பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. "கதவு பூட்டு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? ஓர் ஆள் உயரத்துக்குத் தேக்குக் கதவு, அதில் கைப்பிடி அளவுக்குப் பூட்டு. தெருவில் இருக்கிற சின்ன வீடுகளையெல்லாம் சோதித்துவிட்டு, முற்றமும் கிணறும் உள்ள வீடுகளை மட்டும் விட்டுவிடுகிறோம். இதற்குப் பெயர் சோதனை!

அப்புறம் காய்ச்சல் பரவியதும் புகை வண்டி வரும். சத்தம் போட்டுக்கொண்டு வருவதால் எல்லோருக்கும் திருப்தி, கவுன்சிலருக்கு இரட்டைத் திருப்தி. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. அதிலும் எங்கள் ஊர்ச் சுவர்களைத் தாண்டி வளவுக்குள் எந்தப் புகை போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. இந்த மாகாணத்தில் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டார்கள், இன்றைக்கும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் சொத்துக்காரருக்கு அதன்படி நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள், பூட்டிய கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள். அதைப் படிக்க வேண்டியவர் அடுத்த கல்யாணத்துக்கு வரும்போது காகிதமே இருக்காது.

நான் இந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகம் இல்லை, பக்கத்து ஓட்டு வீட்டுக்காரன். அந்த உரிமையில் சொல்கிறேன். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கெடுத்து, தங்கள் ஒன்பது குலக் கோவில்களின் ஏட்டில் பதிந்து, கடல் கடந்து போனவரிடமும் புள்ளி வரி வாங்கிக் கோவில் நடத்திய சமூகம் இது. எந்தச் சுகாதாரத் துறையிடமும் இப்படி ஒரு பதிவேடு கிடையாது. புள்ளிக்குக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு கணக்கு எழுதுவது பெரிய காரியமா?

தயக்கம் ஏன் என்பதும் புரிகிறது. தேக்குத் தூணையும் பழைய பாத்திரத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்ப் பழம்பொருள் கடையில் விற்கிற கூட்டம் உண்டு. அதனால் சாவியை யாரிடமும் கொடுக்கப் பயம். ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி இருந்தால் கையெழுத்துப் போட யாரும் முன்வருவதில்லை, பழுது பார்க்கவும் யாரும் காசு போடுவதில்லை. சரி, சாவியை அரசாங்கத்திடம் கொடுக்கவே வேண்டாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், காவல்காரரோ உள்ளூர்ப் பங்காளி ஒருவரோ நின்று முற்றத்தையும் கிணற்றடியையும் மட்டும் திறந்துவிடட்டும். அறைகள் பூட்டியே இருக்கட்டும். வடிகால் வாயைக் கிண்டிவிட்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து, கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டால் வேலை முடிந்தது. இதற்கு ஆகிற செலவு ஒரு கல்யாணப் பந்தியின் வெற்றிலைச் செலவுக்குக்கூட வராது. காவல்காரருக்கு மாதம் ஏதோ கொஞ்சம் அனுப்புகிறார்களே, அதில் இந்த வேலைக்கென்று சேர்த்து அனுப்பட்டும். சும்மா செய்யச் சொல்வது அநியாயம்.

இது கொசுவோடு முடிகிற விஷயம் இல்லை. திட்டம் போடுகிறவர்கள் தலையை எண்ணித்தான் போடுகிறார்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. எங்கள் ஊர்களில் வீடு அதிகம், தலை குறைவு. இருக்கிற தலையிலும் நரைத்த தலை அதிகம். சின்னப் பிள்ளைகள் நிறைந்த ஊருக்கும், முக்கால்வாசி பேர் சர்க்கரை மாத்திரை போடுகிற ஊருக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரிப்படும்? இதில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டம், கல்யாண மாதக் கூட்டம் எதுவும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஒரு பெண் கருவுற்றால் கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிக் கொடுத்துவிடுவார். எத்தனாவது மாதம், ரத்தம் எவ்வளவு, பிரசவம் எங்கே என்று எல்லாம் அவருக்குத் தெரியும். பேறுகால மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு பெயர் வாங்கியது இந்தப் பெண்கள் கால் தேய நடந்ததால்தான். அதே தெருவில் தனியாக இருக்கும் எண்பது வயது ஆச்சிக்கு எந்த எண்ணும் கிடையாது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு நிலைமை தேவலை, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் இரண்டு அட்டையையும் என்னிடம் நீட்டிக் கேட்டார்: "ரெண்டும் வெள்ளையா ஒரே அளவாத் தெரியுது தம்பி. எது சக்கரைக்கு, எது பிரஷருக்குன்னு நான் எதைக் கண்டேன்?" வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் தன்னார்வலரால் அது முடியாது, அவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகைக்கு அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்த ஆச்சியின் மகன் வெளிநாட்டிலிருந்து வீடு முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார். அம்மா வழுக்கி விழுந்தால் அவருக்குப் போனில் தெரியும். தெரிந்து? அங்கிருந்து 108-ஐ அழுத்தினால் நம் ஆம்புலன்ஸுக்குப் போகாது. இங்கே யாரையாவது பிடித்து, அவர் 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வந்து முன்வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். ஆச்சி இருப்பதோ அடுத்த தெருவில் திறக்கும் பின்கட்டில். தனியாக இருக்கும் முதியோர் பெயர், எந்த வாசல், மாற்றுச் சாவி யாரிடம், என்ன மாத்திரை, உள்ளூரில் யாருக்குச் சொல்வது என்று தெருவுக்கு ஒரு தாள் துணை நிலையத்தில் இருந்தால் போதும். இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும்.

இப்படிப்பட்ட சின்ன வேலைகளை நாம் மதிப்பதே இல்லை. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. குடிதண்ணீரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி வழியாக உடம்புக்குள் போய், ஒரு வருஷம் கழித்து முழநீளத்துக்கும் மேலே புழுவாகக் காலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்திலோ படிக்கிணற்றிலோ வைத்தால் மறுபடி தண்ணீரில் குஞ்சு விடும். அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, குடிக்கிற தண்ணீரில் கால் வைக்காதே, படிக்கிணற்றை மாற்று என்று ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லியே விரட்டினார்கள். 2000-ல் இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. குடிநீர் ஊருணிக்குக் கம்பி வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்து, காலை நனைத்தால் சத்தம் போட்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த விஷயம் புதிதில்லை. இப்போது அந்த ஊருணிகள் பலவற்றில் கழிவுநீர் இறங்குகிறது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேலே கடை கட்டியிருக்கிறார்கள்.

நிர்வாகத்திலும் ஒரு கோளாறு உண்டு. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் ராயவரமும் கடியாபட்டியும் புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, சுற்றி இருப்பவை பேரூராட்சியாகவும் ஊராட்சியாகவும் இருக்கின்றன. ஒரு பக்கம் மருந்து அடித்த வாரத்தில் மறு பக்கம் அடிப்பதில்லை. இரண்டு மாவட்டத்துச் சுகாதார ஆய்வாளர்களும் மழைக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம் இது.

அக்டோபர் 2 கிராம சபை சரியாக மழைக்கு முன்னால் வருகிறது. வழக்கமாகத் தெருவிளக்கும் சிமென்ட் ரோடும் பேசுவோம். இந்த முறை பூட்டிய வீடுகளின் பட்டியலும் தனியாக இருக்கும் முதியோர் பட்டியலும் தயார் செய்ய ஒரு தீர்மானம் போடச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். பேரூராட்சிக்காரர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் நகரத்தார் நண்பர்கள், உங்கள் வீட்டு முற்றத்தை இன்றைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் காவல்காரருக்குப் போன் பண்ணிப் பாருங்கள்.