பல்லில் கல் வைக்கட்டும், பல் டாக்டரிடம் வைக்கட்டும்

அழகுக்காகப் பல்லில் மின்னுகிற பொடிக் கல் ஒட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்த்து எங்கள் பக்கம் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் சுளித்தால்கூடப் போகட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடுத்தவர் பல்லைப் பற்றிப் பேசுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கையால் வாயை மறைத்துக்கொண்டே சிரித்துப் பழகியவர்கள் நாம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் என் வயதுப் பெண்களின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். பல் தெரியச் சிரிக்கிற மணப்பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் தண்ணீர். நம் ஊர்ப் பாறையில் இருக்கிற ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது, போர் வழியாகக் குடத்துக்கு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை, குடித்து வளர்ந்தால் முளைக்கும்போதே பல்லில் வெள்ளைத் திட்டு இருக்கும், போகப்போகக் காவிக் கறையும் ஏறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது "பல்லே விளக்க மாட்டியா?" என்ற திட்டுதான். பெண் பார்க்க வந்தவர்கள் வெளியே போய், பொண்ணு நல்ல பொண்ணுதான், பல்லுதான் காவி என்று சொல்லி அனுப்பியதும் நடந்திருக்கிறது. செய்யாத தப்புக்கு எத்தனை பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள்! இன்றும் சில வீடுகளில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்த வீடுகளில் அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அப்படிப் பல் தெரியச் சிரிக்க முடிகிற ஒரு பெண், அந்தப் பல்லில் மின்னுகிற மாதிரி ஒரு பொடிக் கல்லும் வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வைக்கட்டும்.

"நம்ம பழக்கமா இது?" என்கிறார்கள். முன்பல்லுக்குத் தங்க உறை போட்டுக்கொண்டு பெருமையாகச் சிரித்த பெரியவர்கள் நம் ஊர்களில் இல்லையா? மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முன்பற்களில் குழி துளைத்து, பச்சை ஜேட் கல்லைப் பதித்து, மரப்பிசின் கலந்த பசையால் ஒட்டினார்கள். பிலிப்பைன்ஸில் தங்கத்தால் பல்லை அலங்கரித்திருக்கிறார்கள். 1980களில் நியூயார்க் ராப் பாடகர்கள் தங்கப் பல் உறையைப் பிரபலமாக்கினார்கள். மனிதனுக்கு இது புதிய ஆசையே இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், தோழியின் கல்யாணத்துக்காக மேல் கோரைப்பல்லில் கல் வைத்துக்கொண்டாள். எங்கே? நகத்துக்கும் கண் இமைக்கும் அலங்காரம் செய்கிற ஒரு பார்லரில். "மூக்குல போடு, காதுல போடு, பல்லுல எதுக்குடி?" என்று அக்கா கத்தினாள். நான் கேட்டது, "வாயைத் திறந்து சொத்தை இருக்கான்னு பார்த்தாங்களா?" என்று. "இல்ல சித்தி, நேரா ஒட்டிட்டாங்க" என்றாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கல்லுக்கு மேலே ஈறு வெந்து வெள்ளையாக இருந்தது.

இது வெறும் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை இல்லை. முதலில் பல்லைச் சுத்தம் செய்து, எச்சில் படாமல் பஞ்சு வைத்து, பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை அரை நிமிடம் போலத் தடவுகிறார்கள். அது பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கும். கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். அதன் மேல் பசை, பல் அடைக்கிற ரெசின் ஒரு சொட்டு, கல், அப்புறம் அதை இறுக வைக்க நீல விளக்கு. துளை போடுவதில்லை, வலியும் இல்லை. ஆனால் அந்த ஆசிட் ஈறில் வழிந்தால் புண்ணாகும். சொத்தைப் பல்லின் மேல் ஒட்டினால் உள்ளே அரிப்பது தெரியாமலே போகும். சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் பல் வைத்தியம் செய்யலாம். அழகுக்காகச் செய்தாலும் ஆசிட் படுவது பல்லில்தானே?

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் கல் விழுந்துவிட்டது, நல்லவேளை தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை. பசை மட்டும் பல்லில் முரடாக நின்று, அழுக்கு சேர ஆரம்பித்தது. தர்மபுரியில் ஒரு பல் டாக்டர் அதை இழைத்து எடுத்துவிட்டார்.

காவிப் பல் உள்ளவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கறையை மறைக்கக் கல் வைக்கலாமா என்று என்னிடமே கேட்கிறார்கள். ஃப்ளோரைடு பாதித்த எனாமலில் ஆசிட் சரியாகப் பிடிக்காது, கல் சீக்கிரம் கழன்றுவிடலாம். பாதிப்பு அதிகமென்றால் எனாமல் பொடிந்து உதிர்கிற பதத்தில் இருக்கும், கல்லை எடுக்கும்போது அதன் விளிம்பு பெயரலாம். கறைக்கு வேறு வைத்தியம் இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். ஈறில் ரத்தம் வருகிறவர்களும், தூக்கத்தில் பல் கடிப்பவர்களும் அவசரப்பட வேண்டாம்.

வைத்துக்கொண்டவர்கள் கல்லைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் தேயுங்கள். கழன்றால் வீட்டில் ஃபெவிக்விக் எடுக்காதீர்கள், அது வாய்க்கான பசை இல்லை. அலுத்துப்போய் எடுக்க நினைத்தாலும் டாக்டரிடமே போங்கள். ஊக்கால் நெம்பினால் கல்லோடு எனாமலும் சேர்ந்து வந்துவிடலாம்.