ஒரே பாட்டுக்காரர்கள் அல்ல

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இசை பற்றிய நிகழ்ச்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்றே எழுதியிருப்பேன், கோபம் ஆறட்டும் என்று விட்டேன். ஆறவில்லை.

திரையில் பிளமான்ஜ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் படம். அதன் கீழே "ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள்" என்று எழுத்து. கூடத்தில் சிரிப்பு. எழுந்து "அது தப்புங்க" என்றேன். "விடுங்க சார், இவங்களை யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார் பேசியவர்.

யாருக்கும் தெரியாது என்றால் இன்னும் கவனமாக அல்லவா சொல்ல வேண்டும்? பிரபலமானவர்களைப் பற்றித் தப்பாகச் சொன்னால் திருத்த ஆயிரம் பேர் வருவார்கள். இவர்களுக்கு யார் வருவார்கள்?

நீல் ஆர்தர், ஸ்டீபன் லஸ்கம்ப். இரண்டே பேர். 1979-ல் லண்டனை ஒட்டிய ஹாரோவில் சேர்ந்தார்கள். 'லிவிங் ஆன் தி சீலிங்' 1982-ல் பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் 7-ம் இடம். ஞாயிற்றுக்கிழமை சொன்ன அந்த "ஒரே பாட்டு" இதுதான். அடுத்த வருடம் 'பிளைண்ட் விஷன்' 10-ம் இடம். 1984-ல் 'டோன்ட் டெல் மீ' 8-ம் இடம். முதல் பத்துக்குள் மூன்று பாட்டு. 'வேவ்ஸ்' 19-ம் இடம் வந்ததை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. மூன்றை ஒன்று என்று எண்ணுவதற்கு எந்த ரசனையும் காரணமாக முடியாது. அது கணக்குத் தப்பு.

"1986-ல் கலைந்துவிட்டார்களே, காணாமல் போனதாகத்தானே அர்த்தம்?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். கலைந்தார்கள், உண்மை. 2011-ல் 'பிளாங்க் பர்ன்' என்ற ஆல்பத்தோடு திரும்பியும் வந்தார்கள். லஸ்கம்ப் உடல்நலம் கெட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் நீல் ஆர்தர் அதே பெயரில் ஆல்பம் மேல் ஆல்பமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல் வந்த 'பிரைவேட் வியூ'வை வெளியிட்டது, நாற்பது வருடத்துக்கு முன் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே லண்டன் ரெக்கார்ட்ஸ். காணாமல் போனவர் செய்கிற வேலையா இது? நாம் தேடவில்லை, அவ்வளவுதான். நாம் தேடாததற்கு அவர்கள் மேல் ஏன் பழி?

"மெஷின் வாசிக்கும், இவர்கள் பட்டனைத் தட்டுவார்கள்" என்று இன்னொருவர். இதற்குப் பதில் சொல்லவே கை வரவில்லை. அந்த "ஒரே பாட்டை" ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்துக்கு நடுவே சித்தார் வருகிறது, தபலா வருகிறது. மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தது.

ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள நம் வாத்தியத்தைச் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அந்தப் பாட்டின் வீடியோவை எகிப்தில் எடுத்தார்கள். சித்தாருக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் உறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் லஸ்கம்ப் அதோடு நிற்கவில்லை. வெஸ்ட் இந்தியா கம்பெனி என்று தனியாகக் குழு சேர்த்து, 1984-ல் ஆஷா போஸ்லேயைப் பாட வைத்தார். தொட்டுக்கொள்ள வந்தவர் இவ்வளவு தூரம் வரமாட்டார்.

எனக்கு ஏன் இத்தனை வலிக்கிறது என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1991, கும்பகோணம். மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்த கேசட், ஆங்கிலப் பாட்டுகளின் கலவை. அட்டையில் ஒரு பெயர் கிடையாது. அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டு வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "டேய், தபலா யாருடா?" என்றார். மூன்று தடவை ரீவைண்ட் செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை தொடையில் தாளம் போட்டார்.

அப்பா மெல்லிசைக் குழுவில் தபலா வாசித்தவர். இருபத்திரண்டு வருடம். திருவிழா நோட்டீஸில் பாடுகிறவர்கள் பெயர் இருக்கும், நடத்துகிறவர் பெயர் பெரிதாக இருக்கும். அப்பா "மற்றும் குழுவினர்". ஒரு நோட்டீஸில்கூட அவர் பெயரை நான் பார்த்ததில்லை. வீட்டில் நோட்டீஸ்களை அடுக்கி வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

அந்தப் பாட்டில் தபலா வாசித்தவர் பண்டிட் தினேஷ் என்று எனக்குத் தெரியவந்தது 2009-ல். சித்தார் தீபக் கஸாஞ்சி. அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பதில் கையில் இருந்தது, கேட்டவர் இல்லை.

லஸ்கம்ப்பும் 2025 செப்டம்பரில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் படத்தைப் போட்டு ஒரு கூடம் சிரித்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. "ஒரு தமாஷுக்குச் சொன்னது" என்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் "மற்றும் குழுவினர்" என்று அச்சடித்தவர்களும் அப்பாவை அவமதிக்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சிப் பதிவை இந்த வாரம் வலையேற்றப் போவதாகச் சொன்னார்கள். அதற்குள் அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நாலு பெயர் போதும்: நீல் ஆர்தர், ஸ்டீபன் லஸ்கம்ப், தீபக் கஸாஞ்சி, பண்டிட் தினேஷ். நாலும் ஒரே அளவு எழுத்தில்.