ஏரிக்கரை டென்ட்டுன்னீங்களே, தண்ணி எங்கீங்க?

பத்து நாளா போனும் கையுமா தேடறனுங்க. பசங்கள மே மாசத்துல ரெண்டு ராத்திரி தண்ணியோரமா டென்ட்டுல தங்க வெக்கோணும், அவ்வளவுதான் என்ற ஆசை. எங்கூட்டுக்காரருக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனி, சேர்ந்தாப்புல லீவு கெடைக்கறதே நாலு நாளு, அதுல ஒரு நாளு வீணாப் போனாலும் வயிறு எரியுது.

போன வருசம் பட்டது இன்னும் ஆறல. போட்டோவுல டென்ட்டு வாசல்லயே தண்ணி தளும்புது, போய் எறங்குனா அரை கிலோமீட்டருக்கு அக்கட்டால கெடக்குது, நடுவுல பூராம் வெடிச்ச சேறு, சின்னவன் முழங்கால் வரைக்கும் பொதைஞ்சு அழுவறான். கேட்டா கேம்ப்காரன் "மே மாசம் இப்படித்தாங்க்கா இருக்கும்"ங்கறான். தலைக்கு 1,800 ரூவா வாங்கறதுக்கு முந்தி அதைச் சொல்லோணுமா இல்லீங்களா? நாப்பது பேருக்கு ரெண்டு பாத்ரூம், அதுல ஒண்ணுக்கு தாழ்ப்பாள் இல்ல, வயசுக்கு வந்த புள்ளைய வெச்சுட்டு ராத்திரி பூரா நான் கதவுக்கிட்டயே நின்னேன்.

நம்ம பக்கம் 'லேக் வியூ'ன்னு விக்கறதுல முக்காவாசி அணைத்தண்ணிதாங்க. ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி, பவானிசாகர் எல்லாமே பாசனத்துக்குக் கட்டுனது, வயக்காட்டுக்கு தண்ணி உட்டு உட்டு கோடைல வத்திப்போகும், தென்மேற்கு மழை புடிச்சு மலைல பேஞ்சாத்தான் மறுபடி ஏறும். அப்போ அந்த போட்டோ ஆடி ஆவணில எடுத்தது! அணைல எத்தனை அடி நிக்குதுன்னு பேப்பர்லயே போடறாங்க, இவங்களுக்கு மட்டும் தெரியாதுங்களா?

இதுல 'கேம்ப் ஃபயர் ஃப்ரீ'ன்னு வேற. காஞ்ச காட்டோரத்துல ஒரு பொறி பறந்தா என்ன ஆகும்? பவானிசாகரை ஒட்டி சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், வெயில் காலத்துல யானை எறங்கி வர்றதே தண்ணிக்குத்தான், அந்தக் கரையில துணிக்கூடாரத்துல புள்ளைங்கள படுக்க வெக்கச் சொல்றீங்க. பாரஸ்ட் பர்மிசன் இருக்குதுங்களான்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா"ன்னு போனை வெச்சுட்டான். எனக்கு இல்லாம வேற யாருக்குடா அது வேணும்?

சரி ஊட்டிப் பக்கம் போலாம்னா வண்டிக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ். கூட்டம் தாங்காம கோர்ட்டு சொல்லி 2024 மே மாசம் வந்தது, அப்புறம் 2025 கோடைல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000ன்னு கணக்கும் வெச்சாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, மலை தாங்கோணுமில்ல. ஆனா அட்வான்ஸ் வாங்கறவன் ஒருத்தனாவது "பாஸ் எடுத்துட்டு பணம் கட்டுங்க"ன்னு சொல்றானா? பாஸ் கெடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்ப வராதுங்கறத மட்டும் பொடி எழுத்துல அடியில போட்டு வெக்கறாங்க.

நேத்து ஒரு எடத்துல, இன்னைக்கு தண்ணி எப்படி நிக்குதுன்னு ஒரே ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேட்டேன். "மொதல்ல பணம் போடுங்க, அனுப்பறேன்"ங்கறான். சின்னவன் போன வாரமே துண்டும் டவுசரும் பேக்குல எடுத்து வெச்சுட்டானுங்க.